வாராவாரம் வந்த சோழநாடு

சரித்திரக் கற்பனை நாவல் ஒன்றைப் புதிதாகக் கையில் எடுக்கும் இளைஞர்கள், முதல் நூறு பக்கங்களைத் தாண்டுவதற்குள்ளாகவே, "கதை எப்போதுதான் ஆரம்பிக்கும்?" என்று கேட்கிறார்கள், அதே நாவலைப் பள்ளிப் பருவத்தில் படித்துக் கிறங்கிய பெரியவர்களோ, "அந்த நிதானம் இனி யாருக்கு வரப்போகிறது?" என்று பெருமூச்சு விடுகிறார்கள். இந்த இரண்டு கட்சியிலும் எனக்குப் பாதிப் பாதி சம்மதம் உண்டு. 'பொன்னியின் செல்வன்' பாகங்கள் ஐந்தையும் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு இடைவிடாமல் படிக்கும்போது, சில இடங்களில் ஆசிரியர் இன்னும் கொஞ்சம் தாமதித்தால் என்ன என்று ஏங்குகிறேன்; வேறு சில இடங்களில் நாலைந்து அத்தியாயங்களை ஒரு சேரப் புரட்டிவிடக் கை துறுதுறுக்கிறது. ஒரே நூலைப் பற்றி ஒரே வாசகன் மனத்தில் இப்படி இருவகை உணர்ச்சி தோன்றுவானேன் என்று ஆராயப் புகுந்தால், அந்த நூலை ஈன்ற பத்திரிகைத் தொடர்கதை என்னும் வழக்கத்தின் சரித்திரத்துக்குள் போக வேண்டியிருக்கிறது.

தமிழில் தொடர்கதையும் சரித்திர நாவலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஆனால் வெவ்வேறு வீடுகளில் பிறந்தவை. 1893 முதல் 1895 வரையில் 'விவேக சிந்தாமணி' என்ற மாதப் பத்திரிகையில் ராஜம் ஐயருடைய 'கமலாம்பாள் சரித்திரம்' பகுதி பகுதியாக வெளிவந்தது; பெயரில் சரித்திரம் இருந்தாலும் அது கிராமத்துக் குடும்பக் கதை. அந்த 1895-லேயே, திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப் பிள்ளை, மதுரைச் சொக்கநாத நாயக்கர் காலத்தை வைத்து 'மோகனாங்கி' என்ற நாவலைப் புத்தகமாகவே வெளியிட்டார். தமிழின் முதல் சரித்திர நாவல் என்று அதைத்தான் சொல்லுகிறார்கள். ஐரோப்பாவிலோ இந்த இரண்டும் வெகு முன்பே கலந்துவிட்டிருந்தன. அலெக்சாந்தர் தூமா தம்முடைய 'மூன்று துப்பாக்கி வீரர்க'ளை 1844-ல் பாரிஸ் தினப்பத்திரிகை ஒன்றின் அடிப்பத்திகளில் நாள்தோறும் எழுதி, பிரெஞ்சு ஜனங்களைக் காலைப் பத்திரிகைக்குக் காத்திருக்க வைத்தார். நம்முடைய நாட்டில் அந்தச் சங்கமம் நிகழ்வதற்கு மேலும் அரை நூற்றாண்டுக் காலமும், வாரப் பத்திரிகை என்ற ஸ்தாபனமும் தேவைப்பட்டன.

எஸ்.எஸ். வாசன் 1928-ல் 'ஆனந்த விகட'னை விலைக்கு வாங்கியதும், தஞ்சை ஜில்லாவில் புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற இளைஞர் அங்கே 'கல்கி'யாக உருவெடுத்ததும் பலரும் அறிந்த விஷயங்கள். 'கள்வனின் காதலி'யும் 'தியாக பூமி'யும் விகடனில் வாரந்தோறும் வெளிவந்தபோதுதான், அடுத்த இதழ் எப்போது வரும் என்று ஒரு கதையின்பொருட்டுக் காத்திருக்கும் பழக்கம் நம் நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்றியது. 'தியாக பூமி' 1939-ல் திரைப்படமாகவும் வந்தது. தொடர்கதைக்குச் சித்திரங்களாக அந்தப் படத்தின் காட்சிகளையே அச்சிட்டு வந்தார்கள் என்றால், பத்திரிகைக்காரர்களின் சாமர்த்தியத்துக்கு வேறு சாட்சி வேண்டாம். பிறகு கல்கி விகடனை விட்டு விலகி, நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து, 1941 ஆகஸ்டு முதல் தேதி தம் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். சுப்புலக்ஷ்மி நாரதர் வேஷம் தரித்துப் பெற்ற ஊதியம் அந்தப் பத்திரிகைக்கு மூலதனமாயிற்று. நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்ற பழமொழி இங்கேயும் பொய்க்கவில்லை.

புதிய பத்திரிகைக்கு வாசகர்களைக் கட்டிப்போட ஒரு கயிறு வேண்டும். அந்தக் கயிறாகத்தான் 'பார்த்திபன் கனவு' வந்தது. அது ஒரே புத்தகமாக அடங்கிவிடக்கூடிய கதை. அதைத் தொடர்ந்து வந்த 'சிவகாமியின் சபதம்' நான்கு பாகங்களாக விரிந்தது. 1950 அக்டோபரில் ஆரம்பித்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களாகி, முன்னூறுக்குச் சற்றே குறைவான அத்தியாயங்களோடு, மூன்றரை ஆண்டுக் காலம் ஓடியது. கதைக்குள் நடக்கும் காலமோ ஓர் ஆண்டுகூட நிரம்பாது! ஆடிப் பதினெட்டில் தொடங்கிய சோழநாட்டு வருஷம் முடிவதற்குள், அதைப் படித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டில் மூன்று ஆடிப் பெருக்குகள் வந்து போய்விட்டன. கதையின் காலத்தைவிடப் படிக்கிற காலம் நீண்டு போகும் இந்த விந்தையை அக்காலத்து வாசகர்கள் குறையாகவே கருதவில்லை.

ஏன் கருதவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள, அந்த நாளில் பைண்டு செய்யப்பட்ட ஒரு தொகுப்பைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பத்திரிகை வந்தவுடன் வீட்டில் எல்லோரும் முறை வைத்துப் படித்து முடித்தபின், நடுவிலுள்ள கம்பியை நெம்பி எடுத்து, தொடர்கதை வந்த தாள்களை மட்டும் கிழியாமல் உருவி, பழைய தகரப் பெட்டியில் சேர்த்து வைப்பார்கள். கதை முடிந்ததும் அந்தக் கட்டு பைண்டிங் கடைக்குப் போகும். பைண்டர் அவற்றை வரிசைப்படி அடுக்கித் தட்டி, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு, முதுகுக்குக் காலிகோத் துணி ஒட்டி, ஓரங்களைச் சீராக வெட்டித் தருவார். தாள் சற்றே பிசகியிருந்தால் சில பக்கங்களில் மேல்வரி பாதியாய்ப் போயிருக்கும். நான் பார்த்த ஒரு தொகுப்பில், பழுவேட்டரையர் கர்ஜித்து முடித்த பக்கத்தின் மறுபுறத்தில் பல்பொடி விளம்பரமும், தலைவலித் தைல விளம்பரமும், ஆரம்பம் காணாமற்போன ஒரு ஹாஸ்யத் துணுக்கின் கடைசி மூன்று வரிகளும் இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் மை கருத்தும் வெளுத்தும் மாறியிருந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அடைப்புக் குறிக்குள் 'தொடரும்'.

அந்தத் தொகுப்பிலுள்ள மணியத்தின் சித்திரங்களை இன்றைய மலிவுப் பதிப்புகளில் சுருங்கிக் கிடக்கும் நகல்களோடு ஒப்பிடவே கூடாது. கல்கியோடு அஜந்தாவுக்கும் இலங்கைக்கும் பிரயாணம் செய்து, சிற்பங்களையும் சுவரோவியங்களையும் கண்ணால் கண்டு வந்தவர் அவர். குந்தவையின் கொண்டையும் நந்தினியின் ஆபரணங்களும் அவர் கை வழியாகத்தான் தமிழர் மனத்தில் நிலைத்தன. வாசகர்களுக்கு ஒரு வாரம் முழுவதும் அந்தச் சித்திரமும் சில பக்கங்களும்தான் ஆகாரம். அவற்றைத் திருப்பித் திருப்பிப் படிப்பார்கள். பக்கத்து வீட்டு அம்மாளிடம் விவாதிப்பார்கள். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள். இப்படிப் படிக்கிறவர்களுக்குச் சென்ற வாரக் கதையை இரண்டு வாக்கியங்களில் நினைவூட்டுவது மரியாதை. அதே வாக்கியங்கள் புத்தகத்தில் இரண்டு நிமிஷ இடைவெளியில் வரும்போது கூறியது கூறலாகிவிடுகின்றன. இன்றைய வாசகர் அலுத்துக்கொள்வதில் பாதி, இந்த இடமாற்றத்தால் விளைந்தது.

மற்றப் பாதியை அவ்வளவு எளிதாக மன்னித்துவிட முடியாது. அந்த நாவலில் இரண்டு வகையான தாமதம் இருக்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகிய பிறகுதான் என்னுடைய சொந்த மனநிலையே எனக்கு விளங்கிற்று.

முதலாவது, வழிநடையின் தாமதம். நூலின் தொடக்கத்தில் வந்தியத்தேவன் ஏறக்குறைய 10 மைல் நீளமுள்ள வீரநாராயண ஏரிக்கரையோடு குதிரையில் வருகிறான். அவனுக்கு அவசர காரியம் இருக்கிறது. காஞ்சியிலிருந்து ஆதித்த கரிகாலனுடைய ஓலையைத் தஞ்சைக்கும் பழையாறைக்கும் கொண்டு போகிறான். ஆனால் அவனை விரைய விடாமல் ஆசிரியர் ஏரியைக் காட்டுகிறார்: அதன் 74 கணவாய்களிலும் நுரைத்துப் பாயும் புது வெள்ளம், வடக்கே போருக்குப் போன இடத்தில் சும்மா இருந்த சேனையைக் கொண்டு அதை வெட்டுவித்த இராஜாதித்த இளவரசன், பெருக்கைக் கொண்டாடச் சித்திரான்னத்துடன் வந்திருக்கும் குடும்பங்கள். பின்னர் ஆழ்வார்க்கடியானுக்கும் வீரசைவருக்கும் அத்வைதிக்கும் கரையிலே நடக்கும் வாதம், பழுவேட்டரையரின் பரிவாரம், விண்ணகரக் கோயில், கடம்பூர் மாளிகை வாசலில் தகராறு, குரவைக் கூத்து, வேலனாட்டம், அப்புறம்தான் நள்ளிரவுச் சதிக்கூட்டம். ஏழு அத்தியாயங்கள் முடியும்போது கதையில் கழிந்திருப்பது ஒரு பகலும் ஓர் இரவுமே. தூமாவின் தார்தஞ்ஞானும் இப்படித்தான் வாலிபத் துடுக்கோடு குதிரையேறி வந்து வழியிலே வம்பில் மாட்டிக்கொள்கிறான் என்று விமரிசகர்கள் ஒப்புமை சொல்வதுண்டு. ஒப்புமை சரிதான், ஆனால் அந்தப் பிரெஞ்சு இளைஞனுடைய வழியில் நீர்ப்பாசனம் இல்லை. காவேரிப் பாசனத்திலே பிறந்து வளர்ந்த ஒருவர்தான், ராஜ்யத்தின் தலைவிதி ஊசலாடுகிற நேரத்தில் மதகுகளின் கணக்கைச் சொல்லத் துணிவார். இந்தத் தாமதத்தில் ஒரு வரியைக்கூடக் குறைக்க எனக்குச் சம்மதமில்லை. கோடிக்கரையின் புதைசேறும், குழகர் கோயிலும், கலங்கரை விளக்கமும், பூங்குழலியின் படகும் வரும் இடங்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

இரண்டாவது, ரகசியத்தின் தாமதம். நந்தினி யாருடைய மகள்? ஊமை ராணி யார்? இந்த இரண்டு கேள்விகளையும் எத்தனை பேர் எத்தனை இடங்களில் பாதி சொல்லி நிறுத்துகிறார்கள்! சொல்ல வாயெடுக்கும்போது யாரோ வருகிறார்கள். வராவிட்டால் மயக்கம் வருகிறது. மரத்துக்குப் பின்னாலும், சுரங்க வழியிலும், திரைச்சீலை மறைவிலும் ஒட்டுக் கேட்பதற்கென்றே சோழநாட்டு ஜனங்கள் பிறந்தார்களோ என்ற சந்தேகம் மூன்றாம் பாகத்துக்குள் வந்துவிடுகிறது. ஐந்தாம் பாகமோ மற்றெல்லாப் பாகங்களையும்விட நீளம். அதில் மட்டும் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள். வாரத்துக்கு ஒரு முறை படித்தவனுக்கு இந்த ஒளித்து வைத்தல் ஏழு நாள் பேசப் பொருள் கொடுத்தது. அவன் கொடுத்த சந்தாப் பணத்துக்கு அது வஞ்சனையில்லை. தொடர்ந்து படிக்கிற எனக்கு, ஆசிரியர் கதையைச் சொல்லாமல் பத்திரிகையை நடத்துகிறார் என்ற எண்ணம் அங்கங்கே எழுகிறது.

ஆயினும் இந்த இரண்டாம் வகைத் தாமதத்துக்கும், வாசகரைப் பிடித்து வைப்பதைத் தவிர, ஆழமான ஒரு காரணம் உண்டு. அது காட்டுமன்னார்கோயிலிலே கல்லில் வெட்டிக் கிடக்கிறது. வீரநாராயண ஏரிக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரின் உடையார்குடி அனந்தீசுவரர் ஆலயத்தில், ராஜராஜனுடைய ஆட்சித் தொடக்கத்தைச் சேர்ந்த சாஸனம் ஒன்று இருக்கிறது. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலான சகோதரர்களின் பெயர்களை அது கூறுகிறது. அவர்களில் சிலர் பிரம்மாதிராஜன் என்ற உயர்ந்த உத்தியோகப் பட்டம் தரித்தவர்கள். கொலையைப் பற்றிய செய்தி அவ்வளவோடு சரி. சாஸனம் எழுந்ததன் நோக்கமே வேறு: துரோகிகளுடையவும் அவர்கள் உறவினருடையவும் சொத்துக்களைப் பற்றி அரசன் ஊர்ச் சபைக்கு அனுப்பிய ஆணையையும், அந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கித் தர்மத்துக்கு விட்டதையும் பதிவு செய்வது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள், கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் உத்தம சோழர் ஆட்சியில் அவர்கள் ஏன் தண்டிக்கப்படவில்லை—ஒன்றையும் கல் சொல்லவில்லை. நிலம் கைமாறியிராவிட்டால் நமக்கு இந்தப் பெயர்களும் கிடைத்திரா.

1935-ல் சோழர் சரித்திரத்தின் முதற்பகுதியை வெளியிட்ட நீலகண்ட சாஸ்திரியார், இந்த மௌனத்தை உத்தம சோழருக்கு விரோதமாகவே வாசித்தார்; கொலையில் அவருக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்பது அவர் கொண்ட சந்தேகம். திருவாலங்காட்டுச் செப்பேடுகளோ, ஜனங்கள் வேண்டியும் கரிகாலனின் தம்பி அருள்மொழி (பின்னாளைய ராஜராஜன்), தம் சிற்றப்பனாகிய உத்தம சோழருக்கு அரசில் ஆசை இருக்கும்வரையில் தாம் அதை விரும்பவில்லை என்று ஒதுங்கியதாகப் புகழ்ந்து பேசுகின்றன. அண்ணனைக் கொல்வித்தவருக்குத் தம்பி மனமுவந்து மகுடத்தை விட்டுக்கொடுத்தாரா? கொடுத்திருந்தால் அது தியாகமா, பயமா? கல்கிக்குத் தியாகம் வேண்டியிருந்தது; கடைசிப் பாகத்துக்கே 'தியாகச் சிகரம்' என்று பெயர். ஆகவே அவர் உத்தம சோழரைக் குற்றத்திலிருந்து விடுவித்தாக வேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்த உபாயம், சரித்திரக்காரர் யாரும் கனவிலும் எண்ணாதது: சதிகாரர்களோடு சேரும் மதுராந்தகனை உத்தம சோழரல்லாத வேறு ஆளாக்கி, பூக்கூடையோடு திரிந்த சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மை மகனான உத்தம சோழர் என்று முடித்துவிட்டார். பிறந்தவுடன் குழந்தைகள் மாறிப்போன கதை அது. இந்த ஆள்மாறாட்டம் முன்னதாகவே வெளிப்பட்டால் சதியும் இல்லை, சிம்மாசனப் போட்டியும் இல்லை. எனவே ஊமை ராணி வாய்பேசாதவளாக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் எல்லோரும் பாதியில் நிறுத்த வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த ஒட்டுக்கேட்டல்களின்மீது என் எரிச்சல் சற்றுத் தணிந்தது. அடியோடு போய்விட்டதாகச் சொல்ல மாட்டேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வந்தியத்தேவன் முதல் நாளே கடந்து போகிற வீரநாராயணபுரத்து விண்ணகரமும், கொலையாளிகளின் பெயர் பொறித்த உடையார்குடிக் கோயிலும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. எந்தக் கல்லிலிருந்து கதை பிறந்ததோ, அந்தக் கல்லின் அருகிலேயே கதாநாயகனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அங்கிருந்து அதைப் பற்றி மூச்சு விடாமல் தஞ்சைக்கும் ஈழத்துக்கும் வாசகரை அழைத்துப் போய்விடுகிறார் ஆசிரியர்.

கல்கிக்குப் பின் இந்த வழக்கம் செழித்தது. அகிலனுடைய 'வேங்கையின் மைந்த'னும் நா. பார்த்தசாரதியின் 'மணிபல்லவ'மும் கல்கி இதழிலேயே வந்தன. முன்னதற்கு 1963-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. 'குமுத'த்தில் சாண்டில்யன் அரசோச்சினார். 'யவன ராணி'யும், மூன்று பாகங்களான 'கடல் புறா'வும் தாமதத்துக்கு மூன்றாவது வகை ஒன்றைக் கண்டுபிடித்தன. அங்கே நிற்பது வழியுமன்று, ரகசியமுமன்று, ஒரு பார்வை. கருணாகரத் தொண்டைமானாகிய இளையபல்லவன் ஒரு பெண்ணை நோக்கித் திரும்புவதற்கும் அவள் தலை நிமிர்வதற்கும் இடையில், நிலவும் சாளரமும் ஆபரணமும் உள்ளக் கிளர்ச்சியுமாகப் பக்கங்கள் கழிந்துவிடும். கடற்போர் என்று வந்துவிட்டால் அதே பேனா எப்படித்தான் பறக்கிறதோ! மரக்கலங்களைக் காற்றுக்கு எதிரே திருப்பி எதிரியை மடக்கும் கட்டங்களில் தமிழில் அவருக்கு இணை இல்லை. அந்தப் பார்வை வர்ணனைகளை நான் பெரும்பாலும் தாண்டித்தான் படிக்கிறேன். ஆனால் வாரம் முழுவதும் காத்திருந்து படித்த அந்நாளைய காலேஜ் பையன்கள் எவரும் அவற்றைத் தாண்டியதாகக் கேள்விப்பட்டதில்லை.

'பொன்னியின் செல்வன்' 1954-ல் முடிந்தபோது, மூன்றரை வருஷம் இழுத்ததைப் பற்றி வந்த முறையீட்டைவிட, திடீரென்று முடித்துவிட்டதைப் பற்றி வந்த முறையீடே அதிகம். நந்தினி என்ன ஆனாள், கரிகாலனைக் கொன்றது யார் கை, வந்தியத்தேவன் குந்தவையை மணந்தானா என்று வாசகர்கள் கேள்வி மேல் கேள்வியாக எழுதினார்கள். தஞ்சைப் பெரிய கோயில் சாஸனம் குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவருடைய தேவியென்று தெளிவாகவே சொல்லுவதால், கடைசிக் கேள்விக்கு விடை கல்லிலேயே இருந்தது. மற்றவற்றுக்குப் பதிலாக ஆசிரியர் ஒரு முடிவுரை எழுதி, கொலையின் மர்மத்தைச் சரித்திரம் விட்ட இடத்திலேயே தாமும் விட்டார். இங்கே மட்டும் அவர் தாமதிக்க மறுத்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அந்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அவர் காலமாகிவிட்டபடியால், தொடர்ச்சியை அவரிடம் கேட்பதற்கும் வழியில்லாமல் போயிற்று. வாசகர்கள் அதற்காகச் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. விட்ட இடத்திலிருந்து கதையை எடுத்துக்கொண்டு, உத்தம சோழர் ஆட்சிக் காலத்தை வைத்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதத் தொடங்கியதும், அதற்கும் காத்திருந்து படித்தார்கள். அது வெளிவந்த 'அமுதசுரபி'யோ மாதத்துக்கு ஒரு முறைதான் வந்தது.